ஐம்பது செக்கன்களில் பிறந்த திரைமொழி

ஒரு நிமிடத்துக்கும் குறைவான படமொன்றில் எதைச் சொல்லிவிட முடியும் என்ற கேள்வியைக் குறும்படம் எடுக்க முனையும் இளைஞர்கள் பலர் இன்று எழுப்புகின்றனர். கைத்தொலைபேசியே கமெராவாகிவிட்ட காலம் இது. ஆயினும் இக்கேள்விக்கான விடை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. சினிமா என்ற கலை பிறந்தபோது அதனிடம் இருந்தவை ஒரு நிமிடத்துக்குக் குறைந்த படங்கள் மாத்திரமே. அண்மைக்காட்சி, நகரும் கமெரா, பாத்திரத்தின் கண்ணால் பார்க்கும் காட்சி, வெட்டி ஒட்டுதல் என இன்று திரைப்படக் கல்லூரிகளில் பாடமாகக் கற்பிக்கப்படும் உத்திகளுட் பெரும்பாலானவை 1895 ஆம் ஆண்டுக்கும் 1903 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட எட்டே ஆண்டுகளில், அத்தகைய சின்னஞ்சிறு படங்களிலேயே முளைவிட்டன.

அந்த உத்திகளை யாரும் அழகுக்காகக் கண்டுபிடிக்கவில்லை. கருவியின் குறைபாடும், சுருளின் நீளக் குறைவும், கூட்டத்தைக் கவரவேண்டிய வணிகத் தேவையுமே அவற்றைப் பிறப்பித்தன. அதேவேளை, கமெரா எங்கே நிற்கிறது, யார் அதனை வைத்தார், காட்டப்படுவது நடந்ததா அல்லது நடத்தப்பட்டதா என்ற கேள்விகளும் அந்தப் படங்களுடனேயே பிறந்தன. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதினேழு மீற்றர்

அமெரிக்காவில் தோமஸ் அல்வா எடிசனின் நிறுவனம் 1893 இல் நியூஜேர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஒரேஞ் நகரில் ஒரு படப்பிடிப்புக் கூடத்தை அமைத்தது. வெளியே கரிய தார்த்தாள் போர்த்திய அக்கட்டடம் 'பிளாக் மரியா' என்று அழைக்கப்பட்டது. சூரிய ஒளி உள்ளே விழுவதற்காகக் கூரை திறக்கும். சூரியன் நகர நகர, வட்டமான தண்டவாளத்தின் மீது கட்டடமே திரும்பும். எடிசனின் கமெரா பாரமானது, மின்சாரத்தால் இயங்கியது. ஆகவே அதனை வெளியே கொண்டு செல்வதைவிட உலகத்தைக் கமெராவின் முன் கொண்டுவருவதே அங்கு வழக்கமாயிற்று. பலசாலிகளும் நடன மாதர்களும் குத்துச்சண்டை வீரர்களும் அக்கூடத்துக்கு வந்து, கரிய பின்னணிக்கு முன்னால் தத்தம் வித்தைகளைச் செய்து காட்டினர். 1894 ஜனவரியில் பதிவான 'பிரெட் ஒட்டின் தும்மல்' இவ்வகையினது. எடிசனின் ஊழியர் ஒருவர் மூக்குப்பொடி போட்டுத் தும்முகிறார். சுமார் ஐந்து செக்கன்களில் படம் முடிந்துவிடுகிறது. இடுப்புக்கு மேலே மாத்திரம் தெரியுமாறு மனிதனைச் சட்டகத்தில் அடக்கியிருப்பதே அதில் கவனிக்கத்தக்கது. தும்மல் முகத்தில் நிகழ்வது. எனவே முகத்துக்கு அருகே கமெரா சென்றது.

பிரான்சின் லியோன் நகரில் ஒளிப்படத் தகடு உற்பத்தி செய்துவந்த லுமியேர் குடும்பத்தின் சகோதரர்களான ஒகுஸ்தும் லூயியும் இதற்கு எதிரான வழியில் சென்றனர். 1895 பெப்ரவரி 13 ஆந் திகதி அவர்கள் காப்புரிமை பெற்ற 'சினமற்றோகிராப்' ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள மரப்பெட்டி. கையால் சுழற்றப்படுவது, மின்சாரம் வேண்டியதில்லை. படம் பிடிப்பதும், பிரதி எடுப்பதும், திரையில் காட்டுவதும் அந்த ஒரே பெட்டிதான். செக்கனுக்கு இரண்டு சுற்று வீதம் கைப்பிடியைச் சுழற்றினால் பதினாறு சட்டகங்கள் பதிவாகும். உள்ளே அடங்கும் சுருளின் நீளம் ஏறக்குறைய 17 மீற்றர். ஐம்பது செக்கன்களில் அது தீர்ந்துவிடும்.

இக்கருவியில் படம் பிடிக்கும்போது பார்ப்பதற்கான கண்ணாடி இருக்கவில்லை. சுருளை ஏற்றுவதற்கு முன்னர் பெட்டியின் பின்புறத்தைத் திறந்து, தலைகீழாக விழும் பிம்பத்தைப் பார்த்துச் சட்டகத்தை நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். சுருளை ஏற்றி மூடியபின் கமெராக்காரர் தாம் பிடிப்பதைக் கமெரா வழியாகக் காண முடியாது. ஆகவே கமெராவை எங்கே வைப்பது, எந்தக் கணத்தில் சுழற்றத் தொடங்குவது என்ற இரண்டு தீர்மானங்களே அவர் கையிலிருந்தன. திரைக்கலையின் முதற்பாடம் இந்த இரண்டு தீர்மானங்களில் அடங்கியிருந்தது.

மூன்று முறை திறந்த கதவு

1895 டிசெம்பர் 28 ஆந் திகதி, பாரிஸில் கிராண்ட் கபே என்ற கோப்பிக்கடையின் நிலக்கீழ் மண்டபத்தில், ஆளுக்கு ஒரு பிராங்க் கட்டணத்தில் பத்துப் படங்கள் காண்பிக்கப்பட்டன. அன்று பணம் கொடுத்து வந்தவர்கள் முப்பத்து மூன்று பேர். அப்படங்களுள் ஒன்று 'லுமியேர் தொழிற்சாலையிலிருந்து வெளியேறுதல்'. தொழிற்சாலையின் கதவுகள் திறக்கின்றன. தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், வெளியே வந்து இடமும் வலமுமாகப் பிரிந்து செல்கின்றனர். துவிச்சக்கர வண்டிகள் வருகின்றன. ஒரு நாய் ஓடுகிறது. கமெரா அசையவே இல்லை.

பார்ப்பதற்கு இது யதார்த்தத்தின் நேரடிப் பதிவாகவே தோன்றும். ஆனால் இப்படத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்றில் ஒற்றைக் குதிரை பூட்டிய வண்டி வெளியே வருகிறது. இன்னொன்றில் இரட்டைக் குதிரை வண்டி. மற்றதில் வண்டியே இல்லை. நிழல்களின் சாய்வும் உடைகளும் அவை வெவ்வேறு காலங்களில் எடுக்கப்பட்டவை என்பதைக் காட்டுகின்றன. பின்னர் எடுக்கப்பட்ட வடிவங்களில் தொழிலாளர்கள் வேலைத்தல உடைகளில் அன்றி, ஞாயிற்றுக்கிழமைக்குரிய நல்ல உடைகளில் காணப்படுகின்றனர். ஏன் மீண்டும் மீண்டும் எடுத்தார்கள்? ஐம்பது செக்கன்களுக்குள் கதவு திறந்து, எல்லோரும் வெளியேறி, கதவு மூடப்படுவதற்கும் ஆயத்தமாக வேண்டும். அதாவது, நிகழ்வுக்குத் தொடக்கமும் முடிவும் வேண்டும். நாளாந்தம் நடக்கும் ஒரு காரியம் சுருளின் நீளத்துக்கேற்ப ஒழுங்கு செய்யப்பட்டது. கமெராவுக்குப் பின்னால் நின்றவர் அந்தத் தொழிலாளரின் முதலாளி என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஆவணப்படம் என்று நாம் வழங்கும் வகையின் முதற்படமே ஒருவகையில் இயக்கப்பட்ட படந்தான்.

அதே நிகழ்ச்சியில் காட்டப்பட்ட 'நனைக்கப்பட்ட தோட்டக்காரர்' கதை சொல்லும் படங்களுக்கு முன்னோடி. தோட்டக்காரர் குழாயால் நீர் பாய்ச்சுகிறார். சிறுவன் ஒருவன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். நீர் நிற்கிறது. அவர் குழாய் வாயை உற்று நோக்கும்போது சிறுவன் காலை எடுக்கிறான். முகத்தில் நீர் பீறிடுகிறது. சிறுவன் ஓட, தோட்டக்காரர் துரத்திப் பிடிக்கிறார். இங்கேதான் கவனிக்க வேண்டிய நுட்பம் உள்ளது. பிடித்த இடத்திலேயே அவனுக்கு அடி விழவில்லை. காதைப் பிடித்துச் சட்டகத்தின் முன்பகுதிக்கு, கமெராவுக்கு எதிரே இழுத்துவந்த பின்னரே அடிக்கிறார். கமெரா நகராது, ஆகவே கதை கமெராவைத் தேடி வருகிறது. நிலைத்த ஒற்றை ஷொட்டில் நடிகரை இயக்குவது எவ்வாறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

லா சியோத்தா நிலையத்துக்குப் புகையிரதம் வந்து சேரும் படத்தைக் கண்டு மக்கள் அலறியடித்து ஓடினார்கள் என்ற கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அப்படம் டிசெம்பர் 28 நிகழ்ச்சியில் இடம்பெறவில்லை. மறு மாதமே காட்டப்பட்டது. அவ்வாறானதொரு பீதி ஏற்பட்டதற்கு அக்காலத்துச் சான்று எதுவும் இல்லை என்பதை மார்ட்டின் லொய்பர்டிங்கர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளார். கதை பொய்யாயினும், படத்தின் வலு பொய்யன்று. கமெரா மேடைக்கு நேரெதிராக வைக்கப்படாமல், தண்டவாளத்துக்கு அண்மையில் சாய்கோணத்தில் வைக்கப்பட்டது. அதனால் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும் இயந்திரம் குறுக்காக விரிந்து வந்து சட்டகத்தின் விளிம்பை நிறைக்கிறது. தொடர்ந்து பயணிகள் இறங்கிக் கமெராவுக்கு மிக அருகே வருகின்றனர். தூரக்காட்சி, இடைநிலைக் காட்சி, அண்மைக்காட்சி ஆகிய மூன்றும் ஒரு வெட்டும் இல்லாமல் ஒரே ஷொட்டுக்குள் கிடைத்துவிடுகின்றன.

படகில் ஏறிய கமெரா

லுமியேர் நிறுவனம் பயிற்றுவித்த கமெராக்காரர்கள் உலகெங்கும் அனுப்பப்பட்டனர். மாரியஸ் செஸ்தியே என்பவர் 1896 ஜூலை 7 ஆந் திகதி பம்பாயின் வாட்சன் ஹோட்டலில் படங்களைக் காண்பித்தார். பாரிஸில் முதற்காட்சி நடந்து ஏழு மாதங்கள் நிறைவதற்குள் சலனப்படம் நமது துணைக்கண்டத்துக்கு வந்துவிட்டது. தென்னிந்தியாவில் 1905 இல் திருச்சியின் ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ற், தூபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கி ஊரூராகக் கூடாரமடித்துக் காட்டத் தொடங்கியதும் இதே குறும்படங்களின் தொடர்ச்சிதான்.

உலகம் சுற்றியவர்களுள் அலெக்சாந்தர் புரோமியோ என்பவர் 1896 ஒக்ரோபரில் வெனிஸ் நகருக்குச் சென்றார். அங்கே கமெராவைப் படகொன்றில் நிறுத்திப் பெருங்கால்வாயின் கரையிலுள்ள மாளிகைகளைப் படம் பிடித்தார். கமெரா தன் கால்களில் அசையாமலே நின்றது, படகு நகர்ந்தது. திரையில் மாளிகைகள் வரிசையாக ஊர்ந்து சென்றன. நகரும் கமெராவின் வரலாறு பெரும்பாலும் இந்தப் படத்திலிருந்தே தொடங்கப்படுகிறது. அடுத்து புகையிரதங்களிலும் மின்தூக்கிகளிலும் கமெரா ஏறியது. 1897 இல் விக்ரோறியா மகாராணியாரின் வைரவிழா ஊர்வலத்தைப் படம் பிடிப்பதற்காக லண்டனைச் சேர்ந்த கருவியாளர் ரொபேட் போல், முக்காலியின் மேல் கமெராவைப் பக்கவாட்டில் திருப்பக்கூடிய பல்சக்கரத் தலையொன்றை உருவாக்கினார். ஊர்வலம் சட்டகத்தைவிட்டு வெளியேறிவிடக்கூடாது என்ற தேவை, இன்று நாம் 'பான்' என்று கூறும் அசைவைத் தந்தது.

இந்த வரிசையில் என்னை மிகவும் பாதித்தது கப்ரியேல் வேய்ர் 1900 அளவில் பிரெஞ்சு இந்தோசீனாவில், இன்றைய வியட்நாமில், எடுத்த ஒரு படம். நாமோ என்ற கிராமத்திலிருந்து வெளியேறும்போது ஆட்கள் சுமந்து சென்ற பல்லக்கில் கமெரா பின்னோக்கி வைக்கப்பட்டிருக்கிறது. கிராமத்துச் சிறுவர்கள் சிரித்தபடி கமெராவைத் துரத்தி ஓடி வருகின்றனர். கமெரா பின்வாங்க, பிள்ளைகள் முன்னேற, இடைவெளி ஒருபோதும் குறைவதில்லை. சுமப்பவர்களின் நடைக்கேற்ப படம் குலுங்குகிறது. அழகு மிகுந்த ஐம்பது செக்கன்கள் அவை. எனினும் ஒரு விடயம் சட்டகத்துக்கு வெளியே உள்ளது. கமெராவைத் தோளில் சுமந்த மனிதர்கள் எவரும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர்களின் கால்களின் அசைவு மாத்திரமே படத்தின் குலுக்கமாக எஞ்சியிருக்கிறது.

அதே வேய்ர் அதே காலப்பகுதியில் எடுத்த இன்னொரு படத்தில், வெள்ளை உடையணிந்த இரு ஐரோப்பியப் பெண்கள் அன்னாமியக் குழந்தைகளின் நடுவே நாணயங்களை வீசுகின்றனர். குழந்தைகள் நிலத்தில் விழுந்து பொறுக்குகின்றனர். பெண்கள் நிமிர்ந்து நிற்கின்றனர், குழந்தைகள் குனிந்திருக்கின்றனர். கமெரா எட்ட நின்று இரு தரப்பையும் ஒரே சட்டகத்தில் அடக்குகிறது. எடுத்த காலத்தில் இது கருணைச் செயலாகக் காட்டப்பட்டது. இன்று அதனைப் பார்க்கின்ற எவருக்கும் கோழிகளுக்குத் தீனி வீசும் காட்சியே நினைவுக்கு வரும். படம் மாறவில்லை; பார்ப்பவர் மாறிவிட்டார். குடியேற்ற ஆட்சி தன்னைப் பற்றித் தானே எழுதிய வாக்குமூலங்களுள் இதுவும் ஒன்று.

பாட்டியின் கண்ணாடி

வெட்டி ஒட்டுவதன் மூலம் பொருள் தரும் வித்தை வளர்ந்த இடங்களுள் முதன்மையானது இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டனை அடுத்த ஹோவ் என்னும் கடலோர நகரம். அங்கு வாழ்ந்த ஜோர்ஜ் அல்பேட் சிமித் முன்னர் மனோவசியக் காட்சிகளும் மாயவிளக்குக் காட்சிகளும் நடத்தியவர். ஜேம்ஸ் வில்லியம்சன் மருந்துக்கடைக்காரர்.

அக்காலத்தில் புகையிரத இயந்திரத்தின் முன்னால் கமெராவைக் கட்டி எடுக்கப்பட்ட படங்கள் பெரிதும் விரும்பப்பட்டன. சுரங்கத்துள் புகும்போது திரை இருண்டுவிடும். அந்த இருளில் என்ன நடக்கும் என்று சிமித் யோசித்தார். 1899 இல் அவரும் அவருடைய மனைவி லோறா பேய்லியும் புகையிரதப் பெட்டி போன்ற அரங்கொன்றில் முத்தமிட்டுக்கொள்ளும் ஒரு ஷொட்டை எடுத்தார். சுரங்கப் படத்தின் நடுவே அதனைச் செருகிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. வெளியே, உள்ளே, மீண்டும் வெளியே என மூன்று துண்டுகள். வெவ்வேறு இடங்களில் எடுக்கப்பட்டவை ஒரே பயணமாகத் தோன்றின.

1900 இல் அவர் எடுத்த 'பாட்டியின் வாசிப்புக் கண்ணாடி' ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும் படம். பேரன் பாட்டியின் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துச் செய்தித்தாள், கைக்கடிகையின் உட்புறம், கூண்டிலுள்ள பறவை, பாட்டியின் கண், பூனைக்குட்டி ஆகியவற்றைப் பார்க்கிறான். அவன் பார்க்கும் ஒவ்வொன்றும் கரிய வட்டத்துள் திரை நிறையப் பெரிதாகத் தெரிகிறது. முதலில் பார்ப்பவன்; அடுத்து பார்க்கப்படும் பொருள். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், நாம் அவனுடைய கண்ணால் பார்க்கிறோம் என்பதைப் பார்வையாளர் தாமே புரிந்துகொள்வர். பாத்திரத்தின் பார்வைக் கோணம் என்ற உத்தியின் அடித்தளம் இதுவே.

ஆனால் இங்கே அண்மைக்காட்சிக்கு ஒரு சாட்டு தேவைப்பட்டது. ஏன் பொருள் திடீரெனப் பெரிதாயிற்று என்று பார்வையாளர் குழம்பாதிருக்க, பையனின் கையில் ஒரு கண்ணாடி கொடுக்கவேண்டியிருந்தது. மூன்றாண்டுகளின் பின், 1903 இல், 'நோயுற்ற பூனைக்குட்டி' என்ற படத்தில் அந்தச் சாட்டையும் சிமித் கைவிட்டார். சிறுமி பூனைக்குட்டியை மடியில் வைத்திருக்க, சிறுவன் வைத்தியர்போல வருகிறான். கரண்டியில் மருந்து ஊட்டும்போது காட்சி வெட்டப்பட்டு, பூனைக்குட்டி நக்கிக் குடிப்பது மாத்திரம் பெரிதாகக் காட்டப்படுகிறது. கண்ணாடி இல்லை, கரிய வட்டம் இல்லை. கதைக்கு எது முக்கியமோ அதற்கு அருகே போவோம் என்ற ஒரே நியாயம் போதுமானதாகிவிட்டது. இன்று உலகெங்கும் திரையில் காணும் ஒவ்வொரு அண்மைக்காட்சியும் இந்த நியாயத்தின் மீதே நிற்கிறது.

வில்லியம்சனின் 'பெரும் விழுங்கல்' 1901 இல் வந்தது. தன்னைப் படம் பிடிப்பதை விரும்பாத கனவான் ஒருவர் கோபத்துடன் கமெராவை நோக்கி வருகிறார். அரை உருவம், முகம், வாய் எனச் சட்டகம் நிறைந்துகொண்டே போய், ஈற்றில் திறந்த வாயின் கருமை திரை முழுவதையும் மூடுகிறது. அந்தக் கருமைக்குள் கமெராவும் கமெராக்காரரும் விழுகின்றனர். மறுபடி கனவான் மென்றவாறு பின்னகர்கிறார். கமெராவை விழுங்கியபின் அவர் மெல்லுவதைப் படம் பிடித்தது யார்? இந்தக் கேள்வி எழுந்தவுடனேயே, திரையில் தெரியும் கமெரா வேறு, நம் கண்ணாக நிற்கும் கமெரா வேறு என்பது புரிந்துவிடும். அனுமதியின்றிப் படம் எடுப்பதற்கு எதிரான முதற்குரல்களுள் ஒன்றாகவும் இந்த நகைச்சுவையைக் கொள்ளலாம்.

ஜோர்ஜ் மெலியெஸைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்பட்டுள்ளதால் இங்கு ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். 1896 இல் அவர் எடுத்த, பெண்ணொருத்தி மறையும் படத்தில், நாற்காலியின் கீழ் செய்தித்தாளை விரிக்கிறார். மேடையில் இந்த வித்தையைச் செய்யும்போது, நிலத்தில் இரகசியக் கதவு இல்லை என்று நம்பவைக்க அந்தத் தாள் தேவைப்பட்டது. படத்திலோ கமெராவை நிறுத்தி, பெண்ணை எழுப்பி அனுப்பிவிட்டு, மீண்டும் சுழற்றினால் போதும்; பின்னர் சுருளை வெட்டி ஒட்டி நேர்த்தியாக்கினார். செய்தித்தாளுக்கு அங்கே வேலையே இல்லை. ஆயினும் பழைய கலை தன் அடையாளத்தைப் புதிய கலைக்குள் விட்டுச் சென்றிருக்கிறது.

லுமியேர் படங்களின் நூற்றாண்டையொட்டி 1995 இல் ஒரு பரிசோதனை நடந்தது. உலகின் நாற்பது வரையான இயக்குநர்களிடம் அதே சினமற்றோகிராப் கொடுக்கப்பட்டது. 52 செக்கன்களுக்கு மேற்படக்கூடாது. படப்பிடிப்போடு ஒலியைப் பதியக்கூடாது. மூன்று முறைக்கு மேல் எடுக்கக்கூடாது என்பன நிபந்தனைகள். டேவிட் லிஞ்ச் கமெராவை அரங்குக்கு அரங்கு நகர்த்தித் தனித்தனிக் காட்சிகளை ஒரே சுருளில் அடக்கினார். பத்ரிஸ் லெகோந்த் லா சியோத்தா நிலையத்துக்கே சென்று கமெராவை வைத்தார். இக்காலத்து விரைவுப் புகையிரதம் அங்கு நிற்காமலே கடந்து போயிற்று. ஈரானின் அப்பாஸ் கியரொஸ்தமி முட்டை பொரிவதைக் காட்டி, தொலைபேசியில் பதிவாகும் ஒரு குரலைப் பின்னர் சேர்த்தார். நூறாண்டுக் கால வளர்ச்சியெல்லாம் கைவிடப்பட்ட பின்னரும் ஒவ்வொருவரின் கையெழுத்தும் அந்த ஐம்பது செக்கன்களில் தெரிந்தது.

நடந்ததா, நடத்தப்பட்டதா?

இனி மற்றைய கேள்விக்கு வருவோம். 1899 இல் தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது அதன் படங்களுக்கு இங்கிலாந்தில் பெரும் கிராக்கி ஏற்பட்டது. மெய்யான கமெராக்காரர்கள் போர்முனைக்குச் சென்றனர். ஆனால் அவர்களாற் பிடிக்க முடிந்தவை படையணிகளின் நகர்வும், ஆறு கடத்தலும், தூரத்துப் புழுதியுமே. நெடுந்தூரம் சுடும் துப்பாக்கிகளின் யுத்தத்தில் எதிரியைக் காண்பதே அரிது. அதேவேளை, இங்கிலாந்தின் பிளாக்பேர்ன் நகரில் இருந்த மிச்சல், கென்யன் என்போர் தமது ஊரை அண்டிய வெளிகளிலேயே போயர் யுத்தக் காட்சிகளை நடித்து எடுத்தனர். வில்லியம்சன் 1900 இல் சீன மிஷன் மீதான தாக்குதலை ஹோவ் நகரின் வெறும் வீடொன்றில் எடுத்தார்.

பொய்யை மெய்யிலிருந்து பிரிப்பதற்கான வழி பெரும்பாலும் ஷொட்டிலேயே இருந்தது. பொய்ப் படத்தில் கமெரா மிக வசதியான இடத்தில் நிற்கும். எதிரி கமெராவுக்கு முன்னால் வந்து சாவான். சண்டை சுருளின் நீளத்துக்குள் முடிந்துவிடும். மெய்ப் படத்தில் கமெரா தவறான இடத்தில், தொலைவில், மறைவில் நிற்கும். முக்கியமான கணம் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். கமெராவை அங்கே வைத்தவருக்கு உயிராபத்து இருந்திருக்குமா என்று கேட்டுப் பார்ப்பது போர்ப்படங்களைச் சோதிக்கும் ஒரு நல்ல வழி. செய்தி அறைகளில் இருப்போருக்கு இன்றும் இது உதவக்கூடியது.

மிகக் குறுகிய படமொன்று எந்த அளவுக்கு ஆராயப்படலாம் என்பதற்கு உச்ச உதாரணம், 1963 நவம்பர் 22 ஆந் திகதி டலஸ் நகரில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டதைப் பதிவு செய்த ஏப்ரகாம் சப்ரூடரின் படம். அவர் உடை தயாரிப்பு வணிகர். கையிலிருந்த 8 மில்லிமீற்றர் கமெராவினால், வாகனத்தைத் தொடர்ந்து வலப்புறமாகத் திருப்பியபடி எடுத்த படம் அது. 486 சட்டகங்கள், 27 செக்கன்களுக்கும் குறைவு. கமெராவின் வேகம் செக்கனுக்கு 18.3 சட்டகங்கள் என்று கணக்கிடப்பட்டதால், அந்தப் படம் ஒரு கடிகாரமாகவும் பயன்பட்டது. வெடிகளுக்கு இடையிலான நேரம் அதைக் கொண்டே கணிக்கப்பட்டது. முக்கியமான சில கணங்களில் வீதிப் பெயர்ப்பலகை ஒன்று வாகனத்தை மறைக்கிறது. வாரன் ஆணைக்குழுவின் தொகுதிகளில் 314 ஆம், 315 ஆம் சட்டகங்கள் இடம் மாறி அச்சிடப்பட்டன. அதனால் தலை அசைந்த திசையே மாறித் தெரிந்தது. அச்சுத் தவறென்று எஃப்.பி.ஐ. பின்னர் விளக்கியது. செக்கனின் பதினெட்டில் ஒரு பங்குக்குரிய இரு சட்டகங்களின் வரிசை மாறினால் ஒரு தேசத்தின் ஐயம் பல தசாப்தங்களுக்கு வளரும் என்பதை உலகம் அன்று கண்டது.

நமது நாட்டைச் சேர்ந்தவர்களுக்கு இந்த ஆராய்ச்சி வெறும் கலை வரலாறாக நின்றுவிட முடியாது. 2009 ஓகஸ்ட் 25 ஆந் திகதி பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒரு நிமிடமளவான ஒரு காட்சியை ஒளிபரப்பியது. கைத்தொலைபேசியினால் எடுக்கப்பட்டதாகக் கூறப்பட்ட அதில், ஆடை களையப்பட்டுக் கைகள் பின்னால் கட்டப்பட்ட மனிதர்களைச் சீருடையினர் சுட்டுக் கொல்வது காணப்பட்டது. அது புனையப்பட்டதென இலங்கை அரசாங்கம் நிராகரித்தது. சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், தடயவியல் நோயியல், துப்பாக்கி, வீடியோ ஆகிய துறைகளைச் சேர்ந்த மூன்று நிபுணர்களைக் கொண்டு அதனை ஆராய்வித்தார். துப்பாக்கியின் பின்னுதைப்பு, உடல்களின் எதிர்வினை, காட்சியின் தொடர்ச்சி, வெட்டோ மேலொட்டோ உள்ளதா என்பன சோதிக்கப்பட்டன. காட்சி உண்மையானதென்பதையே அறிக்கைகள் வலுவாகச் சுட்டுவதாக 2010 ஜனவரி 7 ஆந் திகதி அவர் அறிவித்தார். விளக்கம் பெறாத சில அம்சங்கள் எஞ்சியிருப்பதையும் மறைக்கவில்லை. அரசாங்கம் அம்முடிவை ஏற்கவில்லை.

அந்தக் கமெராவும் எட்ட நிற்கவில்லை, மறைந்தும் நிற்கவில்லை. சுடுபவர்களின் அருகே, அவர்களுள் ஒருவர்போல நின்றது. போயர் யுத்தப் பொய்ப்படங்களில் கமெரா வசதியாக நின்றதன் காரணம் அங்கே மரணம் இல்லாமை. இங்கே கமெரா வசதியாக நின்றதன் காரணம் அதனைப் பிடித்திருந்தவருக்கு அச்சம் இல்லாமை. ஒரே மாதிரியான கமெரா நிலை இரண்டு இடங்களில் முற்றிலும் வேறான இரண்டு உண்மைகளைச் சொல்லக்கூடும். ஆகவேதான் ஷொட்டை மாத்திரம் வைத்துத் தீர்ப்புக் கூறாமல், நோயியலும் துப்பாக்கியியலும் அதனோடு சேர்த்து நோக்கப்பட்டன.

இன்று குறும்படம் எடுக்க விரும்பும் இளைஞர்கள் புதிய கருவிகளையும் மென்பொருள்களையும் தேடுவதற்கு முன்னர் இந்தப் பழைய படங்களைப் பத்துத் தடவையாவது பார்ப்பது நல்லது. அவற்றிற் பல இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒலியும் நிறமும் வசனமும் இல்லாத நிலையில், கமெரா எங்கே நிற்கிறது, எப்போது அது தொடங்கி எப்போது நிற்கிறது, எது சட்டகத்துக்குள் இருக்கிறது, யார் வெளியே விடப்பட்டிருக்கிறார் என்ற நான்கையும் கவனிக்கப் பழகிவிட்டால், படம் எடுக்கவும் வரும். நமக்குக் காட்டப்படும் படங்களைச் சோதிக்கவும் வரும். நாளொன்றுக்கு எத்தனையோ ஐம்பது செக்கன் காட்சிகள் நம் கைக்குள் வந்து விழுகின்ற இக்காலத்தில், இரண்டாவது பயிற்சி முதலாவதைவிட அவசரமானது.